மலைப் புல்வெளிகளும் மனித வாழ்வும்

(திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்வோருக்கு வழியெல்லாம் அடர்ந்த காடே துணை வருகிறது. உச்சியை நெருங்கியதும் காடு விலகிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் போர்த்திய குன்றுகள் தென்படுகின்றன. அவ்வட்டாரத்துக் குன்றுகள் சிலவற்றின் பெயர்கள் கவனிக்கத்தக்கவை: வரையாட்டுமொட்டை, செம்முஞ்சிமொட்டை. மரமின்றி மொட்டையாக நிற்பதே அக்குன்றுகளின் இயல்பு என்பதை மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று. ஆனால் பிற்கால நிர்வாகம் அந்த மொட்டையை ஒரு குறையாகக் கருதியது. அதனால் நேர்ந்த விளைவுகள் இன்று ஆராயப்பட வேண்டியவை.

புல்வெளியின் இலக்கணம்

தொடர்ச்சியான புற்பரப்பும், இடையிடையே தனித்து நிற்கும் மரங்களும் கொண்ட வெப்பமண்டல நிலத்தை அறிவியலார் சவன்னா என்பர். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகையது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி, பிரேசிலின் செராடோ, வட ஆஸ்திரேலியாவின் சமவெளிகள் ஆகியவை புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுகளில் நெல்லி, வேங்கை போன்ற மரங்கள் புல்லினூடே சிதறி நிற்கும் இடங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. உயரம் கூடக் கூட மரங்கள் அருகி, தூய புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கிய சோலைக்காடும் மாறி மாறி அமைகின்றன.

இரு பருவமழைகளும் பெய்யும் மலையில் காடு ஏன் எங்கும் பரவவில்லை? மெலிந்த மண், ஓயாத காற்று, விலங்குகளின் மேய்ச்சல், நெருப்பு ஆகியவை காரணங்கள். நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் உறைபனியும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை அது கருக்கிவிடுகிறது.

காட்டை மனிதன் அழித்ததாலேயே இப்புல்வெளிகள் உண்டாயின என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த மக்கிய தாவரப் படிவுகள் வேறு செய்தி கூறின. புல்லும் மரமும் காற்றிலுள்ள கரியை வெவ்வேறு விகிதத்தில் பதித்துவைப்பதால், படிவின் ஒவ்வோர் அடுக்கும் அக்காலத்துத் தாவரத்தை அடையாளம் காட்டுகிறது. 1993ஆம் ஆண்டில் இந்திய அறிவியலார் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உழவு தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே, அங்குப் புல் செழித்திருந்ததைக் காட்டியது. ஈரம் மிகுந்த காலங்களில் மரங்களும், வறண்ட காலங்களில் புல்லும் மேலோங்கின. எனவே இப்புல்வெளிகள் மிகத் தொன்மையானவை. மனிதன் பின்னர் வந்து அவற்றோடு இணைந்து வாழ்ந்தான்.

மக்களும் புல்லும்

அகத்தியர் மலைப் பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். இடம் மாறிப் பயிரிடுதல், தேன் எடுத்தல், மூலிகை சேகரித்தல் ஆகியவை அவர்களின் மரபுத் தொழில்கள். ஓணத்திற்கு முன்னர் காட்டு விளைபொருள்களைத் திருவனந்தபுரம் அரச குடும்பத்தினருக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவது அவர்களின் வழக்கம். நீலகிரியில் தோடர்கள் எருமைகளை மேய்த்தனர். மூணாற்றை ஒட்டிய மலைகளில் முதுவர்கள் குடியிருந்தனர். காய்ந்த புல்லைப் பகுதி பகுதியாக எரித்து இளம்புல் தழைக்கச் செய்வது இம்மலைகளின் பழைய முறை.

திருவிதாங்கூர்ச் சரிவுகளில் தானாக வளர்ந்த இஞ்சிப்புல் ஒரு தொழிலையே உருவாக்கிற்று. புல்லை அறுத்துக் காய்ச்சி வடித்த எண்ணெய், கொச்சித் துறைமுகம் வழியாகச் சென்றதால் உலகச் சந்தையில் கொச்சி எண்ணெய் எனப் பெயர் பெற்றது. நறுமணப் பொருள்களுக்கும், பிற்காலத்தில் உயிர்ச்சத்து ஏ தயாரிப்பதற்கும் அது பயன்பட்டது. இத்தொழிலுக்காக ஒடக்காலியில் 1951ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. மதிப்பற்றதெனக் கருதப்பட்ட சரிவு, மக்களுக்கு வருவாய் தரும் நிலமாக இருந்தது என்பதே இதன் பொருள்.

மாற்றத்தின் தொடக்கம்

1819ஆம் ஆண்டில் ஜான் சல்லிவன் நீலகிரி சென்ற பின்னர், அங்கு ஐரோப்பியக் குடியிருப்பு வளர்ந்தது. விறகுத் தேவைக்காக 1843இல் தைல மரம் கொண்டுவரப்பட்டது. ஆஸ்திரேலியச் சீகை மரமும் அந்நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ பெற்ற உரிமையின் வழியாகக் கண்ணன் தேவன் மலைகள் தோட்டப் பயிருக்குத் திறந்துவிடப்பட்டன. விடுதலைக்குப் பின்னர் ரேயான் ஆலைகளுக்குக் கூழ்மரமும், தோல் பதனிடப் பட்டையும் தேவைப்பட்டன. நாட்டின் தேவை உண்மையானது. ஆனால் அதனை நிறைவேற்ற வெற்று நிலமெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் புல்வெளிகளே.

பழனி மலையில் 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது எனச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டுகிறது. நட்ட இடத்தோடு சீகை நிற்பதில்லை. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கி, வெட்டிய பின்னரும் நெருப்பிற்குப் பின்னரும் முளைக்கிறது.

நீரின் கணக்கு

இவ்விழப்பு மலையோடு முடிவதில்லை. நீலகிரியின் கிளென்மார்கனில் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டனர். ஒன்று இயற்கை நிலையில் விடப்பட்டது. மற்றதில் தைல மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் சுழற்சியில் குறைவு மேலும் மிகுந்தது.

இக்கணக்கு திருவனந்தபுரத்திற்கும் பொருந்துவது. நகருக்குக் குடிநீர் அளிக்கும் கரமனையாறு அகத்தியர் மலைத் தொடரிலேயே பிறக்கிறது. நெய்யாறும், கிழக்கே நெல்லைச் சீமையை வாழ்விக்கும் தாமிரபரணியும் அத்தொடரின் கொடைகளே. மலைமுகட்டில் எந்தத் தாவரம் நிற்கிறது என்பது நகரின் குழாயில் கோடையில் வரும் நீரோடு தொடர்புடையது.

செய்ய வேண்டியவை

1978இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இரவிகுளம் ஒரு நல்ல பாடம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவில் உலகிலேயே மிகப்பெரிய வரையாட்டுக் கூட்டம் வாழ்கிறது. அங்கு முதுவர்களின் துணையோடு, உரிய பருவத்தில் கட்டுப்பாடான முறையில் புல் எரிக்கப்பட்டு வந்தது. நெருப்பு என்றாலே அழிவு என்ற எண்ணம் இங்குத் திருத்தம் பெறுகிறது. கடுங்கோடையில் பரவும் காட்டுத் தீ வேறு. அறிந்தோர் கையிலுள்ள நெருப்பு வேறு. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டின் இறுதியில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அமைக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் அடிப்படைக் குறை ஒன்று எஞ்சி நிற்கிறது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்ததும், 2000ஆம் ஆண்டில் தரிசுநில வரைபட நூல் வெளிவந்ததும் நல்ல நோக்கத்துடன்தான். ஆனால் இத்தகைய வகைப்பாடுகளில் இயற்கைப் புல்வெளிக்கும் பாழ்பட்ட நிலத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு தெளிவாக இல்லை. பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் மரம் நடுவது இயல்பாகவே நற்பணியாகத் தோன்றும்.

எனவே மரம் நடும் திட்டத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும் அலுவலர், அந்நிலம் முன்பு காடாக இருந்ததா, தொன்றுதொட்டுப் புல்வெளியா என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு மண்ணும் தாவரமும் சான்று சொல்லும். ஊர்ப் பெயர்களும் மூத்த குடிகளின் நினைவும்கூடத் துணைபுரியும். நிலவியலும் தாவரவியலும் பயிலும் மாணவர்கள் தத்தம் மாவட்டங்களில் இப்பணியில் உதவ முடியும். ஒரு குன்றிற்கு மொட்டை என்று பெயரிட்டவர்கள் அதனை உள்ளபடியே கண்டனர். அரசின் பதிவேடும் அந்நிலத்தை உள்ளபடியே குறித்துவைக்குமாயின், எஞ்சிய புல்வெளிகள் பிழைத்திருக்கும். அவற்றிலிருந்து இறங்கிவரும் ஆறுகளும் வற்றாதிருக்கும்.