மதங்கியும் மாதங்கியும்: பெயரும் ஒலியும்



ரெம்பாவ் வட்டாரத்தில் 'எஸ்டேட்' என்றால் ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் நம் நினைவிற்கு வரும். இலண்டனிலோ அச்சொல் எளிய மக்களுக்கென அரசு கட்டிய அடுக்குமனைக் குடியிருப்பையும் குறிக்கும். தென்மேற்கு இலண்டனின் மிச்சம் பகுதியில், 'ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட்' என்னும் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என அறியும்; இயற்பெயர் மாதங்கி.

1975இல் இலண்டனில் பிறந்த அவர், ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் சென்றார். போர்ச்சூழலில் இடம்பெயர்ந்து, 1986இல் தாயுடன் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தாயார் தையல்வேலை செய்து மக்களை வளர்த்தார். மகளோ திரைப்படக் கலை பயின்று இசைக்கு வந்தார். ராக், ராப், நடனவிசை என்னும் எல்லைகளைக் கலந்தது அவர் பாணி. 'தி கிளாஷ்' என்னும் ராக் குழுவின் 1982ஆம் ஆண்டு இசையை அடித்தளமாகக் கொண்ட 'பேப்பர் பிளேன்ஸ்', 2008இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் பெற்றது. குடியேறிகளைக் குற்றவாளிகளாகக் காணும் பார்வையை எள்ளும் பாடல் அது. 2009இல் ஏ.ஆர். ரகுமானுடன் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

மொழி பயில்வோராகிய நாம் கருத வேண்டியவை இரண்டு.

முதலாவது, பெயர். அவர்தம் முதல் தொகுப்பு 'அருளர்' (2005). அது தந்தையின் புனைபெயர். 'லங்கா ராணி' என்னும் புதினம் அப்பெயரில் வெளிவந்தது. அடுத்தது 'கலா' (2007), தாயின் பெயர். பின்னர் 'மாயா' (2010), தம் அழைப்புப்பெயர். 'மாதங்கி' (2013), தம் இயற்பெயர். பாடல்கள் ஆங்கிலம், முகப்பிலோ தமிழ்க்குடும்பம். நிகண்டுகள் பாணரை மதங்கர் என்றும் சுட்டும். கலம்பக உறுப்புகளுள் ஒன்றாகிய மதங்கு, இரு கைகளிலும் வாள் சுழற்றி ஆடும் பெண்ணைப் பாடுவது. மாதங்கி என்பது தேவியின் பெயராயினும், பாணர் மரபின் மதங்கியை நமக்கு நினைவூட்டாமல் இராது. எம்.ஐ.ஏ. என்பதும் சிலேடையே. போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் படைத்துறைக் குறியீட்டில், 'ஆக்‌ஷன்' என்னுமிடத்தில் தாம் வாழ்ந்த 'ஆக்டன்' பகுதியையும் பொருத்திக்கொண்டார்.

இரண்டாவது, ஒலி. 'பேர்ட் ஃப்ளூ' பாடலைத் தாங்கி நிற்பது உறுமி. 'பம்பூ பங்கா'வில் 'தளபதி' (1991) படத்திற்கு இளையராஜா அமைத்த இசை ஒலிக்கிறது. உறுமி இடை சுருங்கிய இருமுகத் தோற்கருவி. ஒருமுகத்தை அடித்தும் மறுமுகத்தை வளைகுச்சியால் தேய்த்தும் வாசிப்பர். உறுமுவது உறுமி, வினையே பெயரான எளிய தமிழ்ச்சொல்.

இவ்விடத்தில் நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும். அதே உறுமி நம் தோட்டத்துத் திருவிழாக்களில் தலைமுறைகளாக முழங்கியது; இன்றும் நம் இளைஞர் அதனைக் கைவிடவில்லை. ஆயினும், கற்றோராகிய நாம் அதனைக் கூச்சல் என்று ஒதுக்கினோம். பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். அயல்நாட்டு மேடையில் கேட்ட பின்னரே பெருமை கொள்கிறோம். இது நம் பிழை.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அவர்தம் இசையில் தமிழ் பெரும்பாலும் பெயராகவும் ஒலியாகவுமே வாழ்கிறது. வாக்கியமாக வாழ்வது அரிது. இது அவர்மேல் குறையன்று. பதினோராம் அகவையில் அயல்மொழிச் சூழலில் விடப்பட்ட குழந்தை காத்துக்கொண்டது அவ்வளவு. ஆயின், நம் மாணவர்க்கோ தமிழ்ப்பள்ளி உண்டு. பெயரோடும் ஒலியோடும் நின்றுவிட நமக்குக் காரணமில்லை.

ஆகவே, மாணவர்களே, ஒரு பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். தோட்டங்கள் மறைந்துவருகின்றன, அவற்றின் சொற்களும் உடன் மறையும். உங்கள் தாத்தா பாட்டியரிடம் அமர்ந்து, உறுமியின் அடிவகைகளுக்கும் உறுப்புகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும், வெட்டுக்காட்டில் பாடிய பாடல்களையும், அவர்கள் சொல்லியவாறே எழுதுங்கள். திருத்தாதீர்கள். ஆசிரியர்களே, அவ்வேடுகளை வகுப்பில் படிக்கச் செய்யுங்கள். ஒலியை இளைஞர் காத்தனர். சொல்லைக் காப்பது நம் கடன்.