முத்திரை குத்தும் முன்



திருவனந்தபுரத்தின் இந்தச் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே ஆ. மாதவன் கதைகள் எழுதினார். ஊர் ஒதுக்கிய மனிதர்களைக்கூட அவர் தீர்ப்புச் சொல்லாமல் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை நம் வகுப்பறைகளுக்கு வேண்டும் என்று கேட்கவே இங்கே நிற்கிறேன்.

‘வாலு’, ‘அடங்காப்பிடாரி’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்று எத்தனை பிள்ளைகளுக்கு முத்திரை குத்தியிருக்கிறோம்! அவர்களில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு. அது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 11 பேரிடம் இதைக் கண்டது. உலகக் கணக்குப்படி நூற்றுக்கு 5 என்றே வைத்தாலும், 40 பேர் வகுப்பில் 2 பிள்ளைகள்!

சாலையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும், விலை கேட்பவரின் குரல் கடைக்காரர் காதில் தனியாக விழுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கோ ஆசிரியர் குரலும் ஆட்டோ ஹாரனும் ஒரே பலத்தில் வந்து மோதுகின்றன. இவர்களில் துள்ளாத பிள்ளைகளும் உண்டு. ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் சிறுமி யார் கண்ணிலும் படாமலே பின்தங்கிப் போகிறாள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். மொழி புரியாமல் விழிக்கும் பிள்ளை வேறு, கவனம் நிற்காத பிள்ளை வேறு. பரிசோதனைக்குப் போனால், “என் பிள்ளையிடம் தமிழில் பேசிப் பாருங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அதனால் ஆசிரியரின் சாட்சியம் இல்லாமல் மருத்துவர் முடிவுக்கு வருவது கடினம்.

ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பிள்ளையை வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, உங்கள் அருகில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். பத்துக் கணக்கை ஒரேயடியாகத் தராமல் மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நோட்டுகளை எடுத்து வரச் சொல்லுங்கள். எழுந்து நடக்க ஒரு நியாயம் கிடைக்கும். நல்லது செய்தால் அந்த நொடியே பாராட்டுங்கள். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்காதீர்கள். அவனுக்கு அதுவே மருந்து. பிரம்பை மறந்துவிடுங்கள்! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது.

பெற்றோர்களே, மாத்திரை என்றதும் அஞ்ச வேண்டாம். நீங்களாக வாங்கித் தரவும் வேண்டாம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை, பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேல் மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உதவி தூரத்தில் இல்லை. நம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் குழந்தை வளர்ச்சி மையம் இயங்குகிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில், குழந்தைகளிடம் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் முன், “என் பிள்ளை வகுப்பில் எப்போது நன்றாகக் கவனிக்கிறான்?” என்று ஆசிரியரைக் கேளுங்கள். “வீட்டில் எதில் ஒன்றிப் போகிறான்?” என்று ஆசிரியரும் உங்களைக் கேட்கட்டும். இந்த இரண்டு பதில்களும் ஒரே மேசையில் சேரட்டும். அந்தப் பிள்ளை நிச்சயம் படிப்பான்!