ஆடிப் பதினெட்டுக்கு வீராணம் போங்கள்

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அயலகத்தில் தமிழ் வளர்ப்போம்'. அதைப் போன வருஷம் பேசியவரே நன்றாக வளர்த்துவிட்டார். நான் வீராணம் ஏரியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பரவாயில்லையே! படம் மட்டும் பார்த்தவர்கள்? அம்மாடி, பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். சிரிக்காதீர்கள். நாம் எவ்வளவு சொல்லியும் ஒட்டாத வந்தியத்தேவன் பெயர் 2022இல் படத்தில் கார்த்தி குதிரை ஏறியதும் அவர்கள் வாயில் வந்துவிட்டதா இல்லையா?

வந்தியத்தேவன் குதிரையில் வர, கதை தொடங்குவது வீராணம் ஏரிக்கரையில்தான். இங்கேயே பிறந்த என் பேத்தியைச் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கரைமேலேயே லால்பேட்டை வரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். "தாத்தா, குதிரை இதே கரையிலதான் வந்துச்சா?" என்றாள். இதே கரைதான் அம்மா. பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர்; அதுதான் மருவி வீராணம். டீக்கடைக்காரருக்கு வந்தியத்தேவன் எல்லாம் பெரிசாகப் படவில்லை. "இது மெட்ராஸ்காரங்க குடிக்கிற தண்ணி பாப்பா" என்றார். அதுவும் நிஜம். 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. பத்தாம் நூற்றாண்டு ஏரி, வேளச்சேரி அடுக்குமாடியில் பல் தேய்க்க!

அடுத்து காட்டுமன்னார்கோயில். நாதமுனிகள் ஊர் என்று பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்து பறிமுதலானதை ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ரவிதாசன் பெயர் இருக்கிறது! கல்கி கற்பித்த வில்லன் என்றுதானே பேத்தி நினைத்திருந்தாள்? சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். அர்ச்சகர் நடை சாத்த வேண்டும் என்று சொல்லித்தான் கிளம்பினோம்.

மேலக்கடம்பூரில் தேர் வடிவக் கோயில் இருக்கிறது. கதையில் வரும் சம்புவரையர் மாளிகையைத் தேடாதீர்கள், கிடையாது. பழையாறை, கோடிக்கரைக்கெல்லாம் இன்னொரு நாள் வேண்டும். பூங்குழலியைத் தேடி அலையப்போகும் மாமாக்கள் சில பேர் இங்கேயே உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். ஊருக்குப் போனால் என்ன செய்கிறோம்? தி.நகரில் புடவை, அத்தை வீட்டில் சாப்பாடு, மாலில் ஏசி. பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டே போய், பார்த்துக்கொண்டே திரும்புகிறது. சனிக்கிழமை வகுப்பில் அ, ஆ எழுதவைத்தால் மட்டும் பிள்ளைக்குத் தமிழ்மேல் ஆசை வந்துவிடுமா? கதை நடந்த இடத்தில் நின்றால் பிள்ளை தானாகக் கேள்வி கேட்கும். பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதை தொடங்குவது ஆடிப் பதினெட்டில். ஆகஸ்ட் தொடக்கம், பள்ளி விடுமுறை. ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்த வருஷமாக இருந்தால், கீழணையிலிருந்து வடவாற்றில் ஏரிக்குத் தண்ணீர் வந்திருக்கும். டிக்கெட்டை இப்போதே போடுங்கள். முதல் பாகத்தைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள். சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.