யார் விட்டுக்கொடுப்பது?

(சாலைப் பாதுகாப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் மூவர் பேசினார்கள். முதலில் வந்த நண்பர் கார் ஓட்டுபவர். மிதிவண்டிக்காரர்களால் சாலையில் நிம்மதி போய்விட்டது என்றார். அடுத்து வந்த சகோதரி, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போகிறவர். முதுகுக்குப் பின்னால் மணிச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றார். மூன்றாவதாக வந்த தம்பி மிதிவண்டியோட்டி. சாலைக்குப் போனால் ஹார்ன் அடிக்கிறார்கள், நடைபாதைக்கு வந்தால் திட்டுகிறார்கள், நான் எங்கேதான் போவது என்று கேட்டார்.

மூவர் சொன்னதும் உண்மைதான். நான் இந்த மூன்று இடத்திலும் இருந்து பார்த்தவன். 27 ஆண்டுகள் சிங்கப்பூர்ச் சாலைகளில் பேருந்து ஓட்டினேன். ஓய்வுபெற்ற பிறகு மிதிவண்டி வாங்கினேன். முழங்கால் வலி இல்லாத நாள்களில் நடக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்போம். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு, சாலை ஓரத்தை ஒட்டியே வரும். லாரிக்கும் அப்படித்தான். நம் நாட்டில் மிதிவண்டி இடது ஓரமாகச் செல்ல வேண்டும். ஆக, மிதிவண்டி நிற்கும் அந்த ஓரம்தான் பின்சக்கரம் வந்து சேரும் இடம். அந்த நேரத்தில் மிதிவண்டிக்காரர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். சிவப்பு விளக்கில் லாரி நிற்கிறதே, பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று முன்னால் நுழைந்து போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் சாலையில் மிதிவண்டி ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் லாரிச் சக்கரத்திடம் தலைக்கவசத்தின் பேச்சு எடுபடாது. பின்னால் நின்று, லாரி போன பிறகு போவதே உயிருக்குக் காவல்.

பேருந்து நிறுத்தத்தில் இன்னொரு சிக்கல். பேருந்து மிதிவண்டியை முந்திச் சென்று நிறுத்தத்தில் ஒதுங்கும். மிதிவண்டி வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் போகும். பேருந்து கிளம்பி மறுபடி முந்தும். அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை. இருவருக்கும் எரிச்சல் ஏறும். நானும் எரிச்சல்பட்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் முந்திப் போயிருக்கிறேன். எனக்கு அது அரை நொடி வேலை. அந்தக் காற்றில் தள்ளாடியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பது, நானே மிதிவண்டியில் ஏறிய பிறகுதான் புரிந்தது. மிதிவண்டியை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று 2022 ஜனவரி முதல் ஓட்டுநர்களுக்கு வழிகாட்டி இருக்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால் பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். நான் 27 ஆண்டுகள் ஓட்டியதில், ஒரு மிதிவண்டியின் பின்னால் போனதற்காகப் பேருந்து நாள்கணக்கில் தாமதமானதில்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு யோசனை. நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது, கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் அடுத்த கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற மிதிவண்டி தெரியும். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

இனி மிதிவண்டியில் போகும் நம் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. துவாஸ் பக்கம் ஒரு மாலை, விளக்கு இல்லாமல், கறுப்புச் சட்டையுடன், போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு தம்பி மிதித்து வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். நிறுத்திப் பேசினேன். “எதிரே வர்ற வண்டியைக் கண்ணால பாத்துக்கிட்டே போனா பயமில்லைண்ணே” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளைச்சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்ப வரும் ஓட்டுநர், தன் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார், ஏனென்றால் வண்டிகள் வருவது அங்கிருந்துதான். இடப்பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஒருவர் வருவார் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. இதை விளக்கியதும் அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போனார். தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு யாராவது இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டுக்கும் ஆகும் செலவு அதிகமில்லை. உங்கள் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது.

சாலை இவ்வளவு ஆபத்தானது என்றால் நடைபாதையில் ஓட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். 2007ல் தெம்பனிஸ் வட்டாரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010 மார்ச் மாதம், நடைபாதையில் மிதிவண்டி ஓட்டச் சட்டப்படி அனுமதித்த முதல் நகரம் ஆனது தெம்பனிஸ். அதே தெம்பனிஸில் 2013 ஜனவரியில், மிதிவண்டியில் சென்ற 13 வயது, 7 வயது அண்ணன் தம்பி இருவர் கனரக வாகனம் மோதி மாண்டது பலருக்கு நினைவிருக்கும். எந்தப் பெற்றோருக்குத்தான் பிள்ளையைச் சாலையில் விட மனம் வரும்? 2018 மே 1ஆம் தேதி துடிப்பான நடமாட்டச் சட்டம் நடப்புக்கு வந்தது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றிருந்த வேக வரம்பு, 2019 பிப்ரவரி 1 முதல் 10 கிலோமீட்டராகக் குறைந்தது.

எதற்காகக் குறைத்தார்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று மீட்டர் நகரும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏழு மீட்டர் நகரும். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். தூணின் மறைவிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை வெளிவந்தால், 10 கிலோமீட்டரில் வருகிறவர் பிரேக் போடவாவது வழியுண்டு. 25ல் வருகிறவர் பிரேக்கைத் தொடுமுன்பே மோதிவிடுவார். வேகம் இரண்டரை மடங்கு என்றால், மோதும் விசையின் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல். 2019 செப்டம்பரில் பிடோக்கில், மிதிவண்டியில் சென்ற 65 வயது மாது மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகே, நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் தடைசெய்யப்பட்டது.

இத்தனை கணக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்ததை இனிச் சொல்லப் போகிறேன். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

பேருந்து ஓட்டிய 27 ஆண்டுகளில் ஒருவர் மீதும் மோதியதில்லை என்பது என் பெருமை. மிதிவண்டி வாங்கியபின் சாலைக்குப் போகவே பயந்தேன். லாரி ஓட்டுநருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்குத் தெரியுமல்லவா? அதனால் நடைபாதையிலேயே ஓட்டினேன். ஒரு காலை, சந்தையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கமாக வந்தேன். கொஞ்சம் வேகம்தான். மீன் கெட்டுவிடும் என்ற அவசரம். விளம்பரப் பலகையின் மறைவிலிருந்து ஒரு சீன மூதாட்டி கைத்தள்ளு வண்டியுடன் வெளியே வந்தார். மணி அடித்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விலக நேரமில்லை. விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

அங்கேயே நின்றேன். ஆம்புலன்சுக்குச் சொன்னேன், போலீசுக்கும் நானே சொன்னேன். எனக்குக் கிடைத்த தண்டனை பெரிதில்லை. அவருக்கு எலும்பும் கூடிவிட்டது. ஆனால் தினமும் தனியாகச் சந்தைக்குப் போய்வந்த அந்த அம்மா, அதன் பிறகு தனியாக வெளியே வருவதை விட்டுவிட்டார். மகன் சொன்னார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது. ஒரு மனிதரின் காலை நேரத்தையே நான் பறித்துவிட்டேன்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. சாலையில் லாரியைக் கண்டு நான் பயந்தேன். நடைபாதைக்கு வந்ததும் அந்த மூதாட்டிக்கு நானே லாரி ஆகிவிட்டேன். பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறியதே தவிர, தீரவில்லை.

ஆகவே, யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மோதினால் யாருக்குக் குறைவாக அடிபடுமோ, அவர்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். லாரி காருக்கும், கார் மிதிவண்டிக்கும், மிதிவண்டி நடப்பவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். நடப்பவருக்கும் கடமை உண்டு. மிதிவண்டித் தடத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பது தவறுதான். ஆனால் அவருடைய தவறுக்கு எலும்பு முறிவு தண்டனையாகிவிடக் கூடாது.

2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டுமே. பாதை பிரிந்திருக்கும் இடங்களில் இது பெரிய நிம்மதி. பிரியாத இடங்கள் இன்னும் நிறைய உண்டு. அங்கே நம் மனசாட்சிதான் கோடு போட வேண்டும்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சாலையிலும் போகலாம், நடைபாதையிலும் போகலாம். சாலையில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நடைபாதையில் பிறரைக் காத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்குமுன் நின்று பாருங்கள். நான் இன்றும் மிதிவண்டி ஓட்டுகிறேன். பேருந்து நிறுத்தத்தின் பின்புறமும், புளோக்கின் கீழ்த்தளத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். இரண்டு நிமிடம் தாமதமாகிறது. மீன் கெட்டுவிடுவதில்லை.

மருத்துவமனையில் அந்த மூதாட்டியைப் பார்க்கப் போனபோது, எங்கள் இருவருக்கும் தெரிந்த மொழி பழைய கடைத்தெரு மலாய் மட்டுமே. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையை உயர்த்தி, “பிலான், பிலான்” என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள்.

நானும் உங்களிடம் அதையே சொல்லி விடைபெறுகிறேன்.