கடலோர ஊர்களில் பிக்கிள்பால் ஆட்டவிழா
(தூத்துக்குடிக் கடலோர ஊராட்சிகளின் இளைஞர், மகளிர் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் பிக்கிள்பால் ஆட்டவிழா ஒன்று நடத்த வேண்டுமென்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறீர்கள். கோப்பை, பந்தல், ஒலிபெருக்கி யாவும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஆடப் போகிறவர் யார் என்ற ஒன்றுதான் குறிக்கப்படவில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவ்வாட்டம் 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில் தோன்றியது. ஜோயல் பிரிட்சர்டு, பில் பெல் என்னும் நண்பர் இருவர், இறகுப்பந்துத் திடல் இருந்தும் அதற்குரிய கருவிகள் கைவசம் இல்லாமையால், மேசைப்பந்து மட்டையையும் துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு வீட்டாருடன் ஆடிப் பார்த்தனர். பார்னி மக்கல்லம் என்ற அண்டை வீட்டு நண்பர் பலகையை அறுத்து மட்டை செய்து கொடுத்தார். திடல் 44 அடி நீளம், 20 அடி அகலம்; இறகுப்பந்து இரட்டையர் திடலின் அளவே அது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலைக்கு இருபுறமும் 7 அடி வரை நின்று, தரையில் படாத பந்தை அடித்தல் கூடாது. ஆதலின் தோள்வலிமையைவிடப் பொறுமைக்கே இங்கு மதிப்பு அதிகம். இளமையில் பூப்பந்து ஆடிய பெரியவர்கள் இதை ஒரு மாலையில் பழகிக் கொள்வார்கள்.

இனி, ஆடுகிறவர் யார்? சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இத்தகைய விழா ஒன்றைக் கண்டேன். நகரத்து மன்றங்களிலிருந்து வந்தவர்கள் ஆடினார்கள். உள்ளூரார் நாற்காலி சுமந்தார்கள். பரிசளிப்புப் புகைப்படத்தில் அவ்வூரைச் சேர்ந்தவர் ஒருவர் கூட இல்லை. அதற்கு நம் ஊராட்சிப் பணம் வேண்டுவதில்லை.

இக்கடலில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது. அந்நாட்களில் குளிப்பு நாளை அறிவிக்குமுன் அதிகாரிகள் முத்துப் பார்களைச் சென்று பார்த்து, சிப்பிகளை எடுத்து ஆராய்ந்து, கடல் அமைதியாயிருக்கும் காலத்தைக் கணித்த பிறகே நாள் குறித்தார்கள். நாமும் அவ்வாறே முதலில் வீடு வீடாகச் சென்று, யாருக்கு எப்போது ஓய்வு என்று கேட்டறிய வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வேப்பலோடை முதல் ஆறுமுகநேரி வரை உள்ள உப்பளங்களில் விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். காலையில் ஆட்டம் வைத்தால் அவர்கள் வர இயலாது. நண்பகலிலோ, வெண்ணிற உப்பின் ஒளியில் நெடுநேரம் உழைத்த கண்களுக்கு மேலும் வெயிலைக் காட்டுவது கொடுமை. வ.உ.சி. துறைமுகத்தில் வேலை செய்வோருக்கு முறைவேலை உண்டு. ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத வழக்கம் நம் மீனவர் ஊர்களில் இருக்கிறது. எனவே ஞாயிறு மாலை 4 மணிக்குமேல் என்பது என் கருத்து.

மாதம் எது? ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் மேல்காற்று. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள பந்து அதில் நிற்காது. மாசி, பங்குனி நல்ல காலமே எனினும், தவக்காலத்தில் ஒலிபெருக்கி வைத்தால் பங்கு மக்களின் மனம் வருந்தும். உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பின் வரும் ஞாயிறுகளே பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமாதலால் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகினருக்குத் தடை இல்லை. அவர்களுக்கு ஞாயிறுதான் துணை.

இடத்திற்காக மீன் உலர்தளத்தைக் கேட்காதீர்கள். சிமெண்டுத் தரை நன்றாயிருக்கிறது என்று ஓர் இளைஞர் சொன்னார். கருவாடு காயப்போடும் பெண்களின் ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது? பள்ளி முற்றம் போதும். 60 அடிக்கு 30 அடி இருந்தால் ஒரு திடல் தாராளமாக அமையும். மணல் தரையில் பந்து எழும்பாது என்பதை மறவாதீர்கள்.

16 இணைகள் சேர்வதாகக் கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் 15 ஆட்டங்களில் விழா முடியும். ஆனால் 8 இணைகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். நான்கு நான்காகப் பிரித்தால் 24 ஆட்டங்கள். எல்லோருக்கும் மூன்று ஆட்டம் கிடைக்கும். 11 புள்ளி ஆட்டத்திற்கு 20 நிமிடம் என்று வைத்தால், இரண்டு திடல்களில் இரண்டு ஞாயிறு, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். மூன்றாம் ஞாயிறு அரையிறுதியும் இறுதியும்.

ஒவ்வோர் இணையிலும் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும் என்று விதி செய்யுங்கள். பதிவுக் கட்டணம் வேண்டாம். காலணி வாங்க இயலாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உப்பு நீரில் வெடித்த பாதங்களுக்கு ஏற்ற துணிக் காலணி சில இணைகளை மன்றமே வாங்கி வைக்கலாம். தாய்மார் ஆடும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள அங்கன்வாடிக் கூடத்தைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்கிறேன்.

மட்டைகளுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். வள்ளம் கட்டும் ஓடாவியிடம் ஒட்டுப்பலகையைக் கொடுத்தால் அறுத்துத் தருவார். நீளமும் அகலமும் கூட்டினால் 24 அங்குலத்திற்கு மிகாமலும், நீளம் மட்டும் 17 அங்குலத்திற்கு மிகாமலும் இருக்கட்டும். பிடியை வலைக்கயிற்றால் சுற்றிக் கொள்ளுங்கள். பந்தை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். இரண்டு டஜனுக்குக் குறையாமல் வாங்குங்கள், வெயிலில் அவை விரைவில் வெடித்துவிடும்.