மழை வருமா, வராதா?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அதன் புகழைப் பாடப் பலர் உளர். அதிலே என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றே: தனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை, எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அளந்து சொல்ல அது கற்று வருகிறது. இப்பண்பு மனிதரிடத்தே எத்துணை அரிது என்பதை நம் சங்கப் பொதுக்குழுவிற்கு வந்தவர்கள் நன்கறிவர்.

ஆனித் திங்களில் புத்தலப்பட்டுச் சுற்றுவட்டாரத்திலே மானாவாரி வேர்க்கடலை பயிரிடுவோர் வானத்தையும் விதை மூட்டையையும் மாறிமாறிப் பார்த்து நிற்பர். முதல் மழையை நம்பி விதைத்தபின் மூன்று வாரம் வானம் பொய்த்தால் முளை கருகிவிடும்; மறுவிதைப்புக்குக் கழுத்து நகை அடகுக் கடை ஏறும். அஞ்சி நாளைக் கடத்தினாலோ, மண்ணின் ஈரம் போய்விடும். "மழை வருமா, வராதா?" என்பதே அவர்கள் கேள்வி. இதற்கு 'வரும்' என்றோ 'வராது' என்றோ அடித்துச் சொல்பவர் சோதிடரே.

அறிவியல் வேறு வழியிற் செல்கிறது. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்தபின் 1763-இல் வெளிவந்த கட்டுரை அவ்வழியைத் திறந்தது. இப்பருவத்தில் நூறு நாட்களில் முப்பது நாள் மழை பெய்யும் என்று வைத்துக்கொள்வோம். மழைநாட்களில் பத்துக்கு எட்டு நாள் காலையிலேயே மேகம் கறுக்கும். மழையற்ற நாட்களிலோ பத்துக்கு இரண்டு நாளே கறுக்கும். இன்று கறுத்திருக்கிறது. முப்பதில் 24, எழுபதில் 14; ஆகக் கறுத்த நாட்கள் 38. அவற்றுள் மழை பெய்தவை 24. எனவே, 30 விழுக்காடாக இருந்த நம் நம்பிக்கை 63 ஆகிறது. மாலையில் காற்றுத் திசைமாறினால் மீண்டும் திருத்திக்கொள்ளலாம். புதிய சான்று வருந்தோறும் பழைய எண்ணத்தைத் திருத்தும் இம்முறையை இயந்திர அறிவுக்குள் விரிவாகப் புகுத்திய யூதேயா பேர்ள் என்னும் அறிஞருக்கு 2011-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது.

இங்கிருந்து திருப்பதி செல்லும் சாலையிலே, காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி அமைத்த ரேடார் அங்கே மேல்வானத்துக் காற்றை அளந்தது. இத்தகைய கருவிகள் எத்தனை இருப்பினும் உலகின் வானம் முழுவதையும் பிழையின்றி அளத்தல் இயலாது. தொடக்கத்துச் சிறுபிழை பத்து நாளிற் பெருகி, மழையையே இடம் மாற்றிவிடும். ஆகையால் ஐரோப்பிய வானிலை நடுவத்தார் 1992 முதல் ஒரே கணிப்போடு நில்லாமல், தொடக்கத்தைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே இயக்குகின்றனர். ஐம்பதில் முப்பத்தைந்து கணிப்புகள் மழை காட்டினால் எழுபது விழுக்காடு என்பது கணக்கு. 2024-இல் வெளியான ஜென்காஸ்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு, பல்லாண்டு வானிலைப் பதிவுகளைப் பயின்று, பதினைந்து நாளுக்கான ஒரு கணிப்பைச் சில நிமிடங்களில் தருகிறது.

2025-இல் நடந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு பருவமழை மே 24-ஆம் நாளே கேரளத்தைத் தொட்டது. பின்னர் ஏறக்குறைய இருபது நாள் வடக்கே நகராமல் நின்றது. நடுவணரசின் வேளாண்துறை, 13 மாநிலங்களில் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் உழவர்க்கு, செயற்கை நுண்ணறிவு கணித்த மழைச் செய்தியைக் கைப்பேசிவழி அனுப்பியிருந்தது. அந்த இடைநிறுத்தத்தையும் அக்கணிப்பு முன்னரே காட்டியதாக அரசு தெரிவித்தது. முன்வந்த மழையைக் கண்டு விதைக்க எழுந்த எத்தனை கைகளை அச்செய்தி நிறுத்தியிருக்கும்!

எண் கிடைத்துவிட்டால் முடிவும் கிடைத்துவிடும் என்பதன்று. நாற்பது விழுக்காடு மழை என்றால், மொட்டைமாடியில் வடகம் இட்ட தாய்மார் அதனை எடுத்து உள்ளே வைப்பர், எடுப்பதில் நட்டமில்லை. அதே நாற்பதை நம்பி உழவர் விதைக்கமாட்டார். இழப்பது ஓராண்டு முதல். எண் ஒன்றே, முடிவு இரண்டு, இரண்டும் சரியே.

"எழுபது என்றான், பெய்யவில்லையே!" என்று ஒரு நாளை வைத்துப் பழிப்பதும் முறையன்று. எழுபது என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்து எண்ண வேண்டும். அவற்றுள் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டு நாட்களில் மழை பெய்திருந்தால் அச்சொல் நம்பத்தக்கது. நாம் இன்று உரையாடும் இயந்திரங்களுட் சில, தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்லிவிடுகின்றன. அவற்றையும் இவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் காலனி வாயிலில் ஒரு கரும்பலகை வையுங்கள். காலையில் அன்றைய மழைக் கணிப்பைப் பிள்ளைகள் எழுதட்டும். இரவில் பெய்ததா இல்லையா என்று குறிக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் கூட்டிப் பார்ப்போம். சுண்ணக்கட்டிச் செலவு என்னுடையது.