தலைவர் நாற்காலிக்கு யார் பொறுப்பு?

(நெல்லையில் இளைஞர்கள் ஒழுங்கு செய்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உள்ளாட்சி அலுவலர்களின் பணிகளும் பொறுப்புகளும்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இங்கே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தப் பிரிவில் யாருக்கு என்ன அதிகாரம் என்பது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதனால் அந்தப் பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. அதில் இருக்கிற ஓர் அலுவலர் தன் வேலையைச் செய்யாமல் விட்டால் நம்முடைய மண்ணில் என்ன நடக்கிறது என்பதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

2006 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. குருவிகுளம் ஒன்றியம் நக்கலமுத்தன்பட்டியில் ஜக்கையன் ஊராட்சித் தலைவர் ஆனார். அவர் அருந்ததியர். பதவியேற்று ஏறக்குறைய ஒரு மாதத்தில், நவம்பரில், அவரைக் கொன்றார்கள். இன்று அந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது நெல்லை மாவட்டம். துணைத் தலைவர் தரப்பின் கைப்பாவையாக இருக்க அவர் மறுத்ததே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன.

அதே தேர்தலில் தாழையூத்து ஊராட்சித் தலைவராகத் தேர்வானவர் கிருஷ்ணவேணி. அவரும் அருந்ததியர். நெல்லை நகரத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்தான் தாழையூத்து. ஆக்கிரமிப்பில் இருந்த பொது இடத்தை மீட்கவும், பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டவும் அவர் முயன்றார். தனக்கு மிரட்டல் இருக்கிறது என்று முன்கூட்டியே புகாரும் கொடுத்திருந்தார். 2011 ஜூன் 13 இரவு ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவரை மறித்து அரிவாளால் வெட்டினார்கள். ஒரு காதை இழந்தார். உயிர் பிழைத்தார். அந்த வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது 2024 நவம்பரில். இடையில் ஓடியது 13 ஆண்டுகள்.

ஒருவர் பதவிக்காலத்தின் தொடக்கத்தில் வெட்டப்பட்டார், இன்னொருவர் அதன் கடைசி மாதங்களில். நடுவிலிருந்த ஐந்தாண்டும் அந்த மாவட்டத்தில் ஆட்சியர், எஸ்.பி., வட்டாட்சியர், பி.டி.ஓ., ஊராட்சி செயலர் எல்லோரும் பணியில் இருந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள். வெட்டியவர்களை நீதிமன்றம் விசாரிக்கும். பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்தை யார் விசாரிப்பது? என் கேள்வி இதுதான்.

முதலில் ஒரு கையெழுத்து விவகாரத்திலிருந்து தொடங்குகிறேன். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகளில் இடஒதுக்கீடு கிடைத்தது. கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. ஆனால் ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். 188ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது.

முறைகேட்டைத் தடுக்க இரண்டு கையெழுத்து நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தலைவர் பதவிக்கு இருக்கிற இடஒதுக்கீடு துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மை எந்தச் சாதியோ, பெரும்பாலும் அந்தச் சாதியின் கைக்குத் துணைத் தலைவர் பதவி போகிறது. ஆக, அரசியலமைப்பு ஒரு தலித்துக்குக் கொடுத்த பேனாவின் பாதியை ஆதிக்க சாதி பிடித்துக்கொள்ள முடிகிறது. துணைத் தலைவர் மூன்று மாதம் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். தெருவிளக்கு எரியாது, மோட்டார் ரிப்பேர் ஆகாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். ‘அவங்க கையில கொடுத்தா இப்படித்தான்’ என்ற பேச்சு டீக்கடையில் தானாகக் கிளம்பும்.

இப்படி முட்டுக்கட்டை விழும்போது என்ன செய்ய வேண்டும்? மாவட்ட ஆட்சியர் வெறும் ஆட்சியர் மட்டுமல்ல, சட்டப்படி அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 203ஆவது பிரிவில் அவருக்கு அவசரகால அதிகாரம் இருக்கிறது. பிரச்சினை முற்றினால் அதைப் பயன்படுத்தி, கையெழுத்து அதிகாரத்தை எடுத்து பி.டி.ஓ.விடம் கொடுப்பது பல இடங்களில் நடக்கிற வழக்கம். வேலை ஓடும், கோப்பு நகரும், மாவட்டத்தில் ‘அமைதி’ நிலவும். ஆனால் இதில் யார் எதை இழந்தார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டுக்கட்டை போட்ட துணைத் தலைவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. தலைவர்தான் அதிகாரத்தை இழந்தார். அவர் கையில் பணம் போகக் கூடாது என்று நினைத்தவர்களின் விருப்பத்தை அரசாணையே நிறைவேற்றிக் கொடுத்துவிட்டது. அந்த உத்தரவில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இருக்காது. இருவருக்கும் ‘கருத்து வேறுபாடு’ என்றுதான் இருக்கும்.

அடுத்தது நிலம். ஊரில் ஒரு புறம்போக்கு ஆக்கிரமிப்பில் இருக்கிறது, அதை மீட்டுக் கழிப்பிடம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது யார் வேலை? கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை கொடுக்க வேண்டும். நில அளவர் அளந்து கல் போட வேண்டும். வட்டாட்சியர் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும். தகராறு வந்தால் காவல்துறை பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். இவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தால் அது அரசு நடவடிக்கை. கோபம் வந்தாலும் அது அரசின் மேல் வரும், வழக்குப் போடுவார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். இவர்கள் யாரும் அசையாமல், தலைவர் ஒருவரே தீர்மானம் போட்டு, மனு எழுதி, நேரில் போய் நின்று ‘எடுங்க’ என்று சொல்ல வேண்டி வந்தால்? அதே நடவடிக்கை ஒரு தலித் பெண்ணின் ‘திமிர்’ ஆகிவிடும். நிர்வாகம் தன் வேலையைச் செய்யாதபோது, ஒரு பொதுக் காரியம் தனிப்பட்ட பகையாக மாறுகிறது. அந்தப் பகையின் முன்னால் தலைவர் தனியாக நிற்கிறார். அரிவாள் அங்கேதான் வருகிறது.

அதனால்தான், அதிகாரிகளின் மெத்தனத்தை வெறும் ‘மெத்தனம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 3(1)(எம்) என்ற உட்பிரிவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதவியில் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்கள் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். வெட்டுக்குத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்காலி தராதது, கொடியேற்ற விடாதது, அலுவலகச் சாவியைத் தராதது என்று ஒவ்வொன்றையும் இந்தப் பிரிவின்கீழ் புகாராகக் கொண்டுபோக முடியும்.

அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஓர் அரசு ஊழியர் இந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு நிர்வாக விசாரணை நடந்து பரிந்துரை வர வேண்டும். அதாவது அதிகாரி மேல் வழக்குப் போடலாமா என்று முதலில் அதிகாரிகளே சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் பிரிவில் யாராவது சிறைக்குப் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மறுபக்கம், 205ஆவது பிரிவின்படி ஊராட்சித் தலைவரை நீக்கும் நடவடிக்கையை ஆட்சியர் தொடங்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கேள்வி கேட்க வழி அகலமாக இருக்கிறது. நியமிக்கப்பட்டவரைக் கேள்வி கேட்க வழி ஊசிக் காதளவு.

அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்றார். நல்ல கடிதம். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவில் இப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே ஒரு வாதம் வரும். ‘கிராமத்தில் சாதி இருக்கிறது, தேர்தல் வந்தால் கலவரம் வருகிறது, பேசாமல் அதிகாரிகளே நடத்தட்டும்’ என்பார்கள். அம்பேத்கரையும் துணைக்கு அழைப்பார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதை அவர் வரவேற்றுப் பேசியது உண்மை. ஆனால் அவர் கேட்டது கிராமத்துக்குள் தனிமனிதருக்கு உரிமை. அதிகாரியின் ஆட்சியை அவர் கேட்கவில்லை.

அதிகாரிகளின் ஆட்சி எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. மற்ற மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நெல்லை, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஒரு முழுப் பதவிக்காலம், ஐந்து ஆண்டுகள், நம் கிராமங்களைத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த ஐந்தாண்டில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய தலித் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் போனால் 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனு கொடுக்கப் போன ஊர்வலம், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே காவல்துறையின் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். மனு வாங்குவது ஓர் அதிகாரியின் வேலைகளிலேயே ஆக எளிய வேலை. அந்த எளிய வேலை நடக்காத நாளில் ஆறு என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். ஆகவே அதிகாரிகள் நடுநிலையானவர்கள், சாதிக்கு மேலே நிற்பவர்கள் என்ற கதையை நம்மிடம் சொல்ல வேண்டாம்.

அதே சமயம், அதிகாரிகளால் எதுவும் ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவிருக்கட்டும். 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தலித் தலைவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேர்தல் நடக்காது, நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். சட்டம் அதே சட்டம்தான். இயக்கங்கள் விடாமல் போராடின, அரசு முடிவெடுத்தது, மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் நேரில் ஊருக்குப் போய்ப் பேசினார். பத்தாண்டு ‘முடியாது’ என்று சொன்ன நிர்வாகத்தால் முடிந்தது. அப்படியென்றால் அதுவரை முடியாமல் இருந்தது எதனால் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கடைசியாக, நாம் செய்யக்கூடியவை சில.

கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, அவருக்குப் பதில் யார் பேசுகிறார் என்று கவனியுங்கள். நீங்கள் போடச் சொன்ன தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு எழுந்து வாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தத் தேதியில் கூடியது? யார் வந்தார்கள்? ஊராட்சித் தலைவர்கள் கொடுத்த புகார்கள் எத்தனை? 3(1)(எம்) பிரிவில் பதிவான வழக்குகள் எத்தனை? 203ஆவது பிரிவில் எத்தனை தலைவர்களின் கையெழுத்து அதிகாரம் எடுக்கப்பட்டது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? பதில் வந்தாலும் ஆவணம், வராவிட்டாலும் ஆவணம்.

சட்டத் திருத்தம் கேளுங்கள். தனித் தொகுதி ஊராட்சியில் துணைத் தலைவர் காரணம் சொல்லாமல் கையெழுத்தை நிறுத்தினால், குறிப்பிட்ட நாளுக்குள் துணைத் தலைவரின் அதிகாரத்தை மாற்றித் தர வேண்டும், தலைவரின் அதிகாரத்தைத் தொடக் கூடாது. மிரட்டல் இருக்கிறது என்று தலைவர் புகார் கொடுத்தால், அதன்மேல் என்ன செய்தோம் என்று எஸ்.பி.யும் ஆட்சியரும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

2021 அக்டோபரில் நம் மாவட்டங்களில் தேர்வானவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. இன்னொரு ஐந்தாண்டைத் தனி அலுவலர்களிடம் கொடுக்க நாம் சம்மதிக்கக் கூடாது. உங்களில் சிலர் குரூப் தேர்வு எழுதி நாளை பி.டி.ஓ. ஆகப் போகிறீர்கள், வட்டாட்சியர் ஆகப் போகிறீர்கள். ஒருநாள் உங்கள் மேசைக்கும் ஒரு தலைவரின் மனு வரும். ‘எனக்கு மிரட்டல் இருக்கிறது’ என்று அதில் எழுதியிருக்கும். அந்த மனுவை அன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.